மார்பில் அணியும் காவலன்

தண்டையார்பேட்டையில் வாழும் நாம் பனியைக் காண வேண்டுமாயின், விடியுமுன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்ல வேண்டும். விசைப்படகுகளில் ஏற்றப்படும் பனிக்கட்டியே நாம் அறிந்த பனி. அத்தகைய ஊரில், பனிமலைச் சறுக்கு விளையாட்டில் உயிர் காக்கும் மின்னணுக் கருவிகளைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். விடையைப் பேச்சின் முடிவில் சொல்கிறேன்.

பனிமலை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 2016 பிப்ரவரி 3-ஆம் நாள், சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலே, மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் பனிச்சரிவில் புதையுண்டனர். தமிழ்நாட்டவரும் அவர்களுள் இருந்தனர். ஆறு நாட்களுக்குப் பின் ஹனுமந்தப்பா ஒருவரே உயிருடன் மீட்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11-ஆம் நாள் உயிர் நீத்தார். விளையாட்டுக்காக மலையேறுவோரையும் பனி விட்டுவைப்பதில்லை. காஷ்மீரத்துக் குல்மார்க்கில் 2023 பிப்ரவரி முதல் நாள் நேர்ந்த சரிவில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர் இருவர் மாண்டனர்.

பனியில் புதைந்தவரைக் கொல்வது குளிரைக் காட்டிலும் மூச்சுத்திணறலே ஆகும். சுவிட்சர்லாந்தின் விபத்துப் பதிவுகளைக் கொண்டு 1994-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றிருவர் பிழைத்தனர். முப்பத்தைந்து நிமிடம் கழிந்தபின் பிழைத்தோர் நூற்றுக்கு முப்பதின்மரே. ஆறு நாள் உயிர் தாங்கிய ஹனுமந்தப்பா மிக அரிய விதிவிலக்கு. மலையடிவாரத்திலிருந்து மீட்புக் குழு வந்து சேருமுன் காலம் கடந்துவிடும். ஆதலால், உடன் சென்ற தோழனே மீட்பவனாதல் வேண்டும். வெண்மையான பரப்பின் கீழே எங்கே தோண்டுவது என்பதை அவனுக்கு யார் சொல்வார்?

அதைச் சொல்லும் கருவியை அமெரிக்காவிலுள்ள பஃபலோ நகரில், 1968-ஆம் ஆண்டில், ஜான் லாட்டன் என்பவர் உருவாக்கினார். இன்று உலகெங்கும் இவ்வகைக் கருவிகள் 457 கிலோஹெர்ட்ஸ் என்னும் ஒரே அலைவரிசையில் இயங்குகின்றன. மார்போடு கட்டிக்கொள்ளும் இச்சிறு பெட்டி, ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை, ஒரு துடிப்பை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஒருவர் புதையுண்டால், மற்றவர்கள் தங்கள் கருவிகளை ஏற்கும் நிலைக்கு மாற்றித் தேடத் தொடங்குவர். இந்த அலைவரிசை பனியை எளிதில் ஊடுருவும். அன்றியும், அத்துணை அருகில் அதன் காந்தப் புலத்தின் வலிமை தூரத்தின் முப்படிக்கு ஏற்பக் குறைகிறது. அதாவது, இடைத்தூரம் பாதியானால் வலிமை எட்டு மடங்காகும். நெருங்க நெருங்கக் குறி தெளிவாவதன் காரணம் இதுவே. புதைந்தவர் எத்திசையில் கிடப்பார் என்பது தெரியாதாகையால், இக்காலக் கருவிகளில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று உணர்கம்பிகளை வைக்கின்றனர்.

மாணவர்களே, மின்சுற்றை அமைப்பதோடு பொறியாளர் வேலை முடிவதில்லை. கருவி பையில் இருந்தால், சரிவு பையைப் பறித்துச் செல்லுமன்றோ? ஆகவே அது உடலோடு பிணைந்திருத்தல் வேண்டும். தடித்த கையுறை அணிந்த விரலுக்கும், அச்சத்தால் நடுங்கும் விரலுக்கும் அதன் விசை இணங்க வேண்டும். குளிரில் மின்கலத்தின் ஆற்றல் குன்றும்; அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கைப்பேசி முதலியன அருகிலிருந்தால் குறி குழம்பும். அவற்றை விலக்கி வைக்க வேண்டும். இவை யாவும் நிறைவேறினும், மண்வெட்டியும் ஆழம் பார்க்கும் நீண்ட கம்பியும் பழகிய தோழனும் இல்லையேல் கருவியால் பயனில்லை. அது இடத்தைக் காட்டும். தோண்டுவது மனிதனின் கை.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். நம் கடற்கரையிலிருந்து படகேறுவோருக்கும் இதே இடர் உண்டு. பனிக்குப் பதிலாக நீர், அவ்வளவே வேறுபாடு. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் மீனவர்க்கென ஆபத்து அறிவிக்கும் அலைபரப்பி ஒன்றை அமைத்துள்ளது. அது 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. தீ, படகு மூழ்குதல், ஆள் கடலில் விழுதல், நோய் ஆகியவற்றுள் நேர்ந்தது எதுவோ அதற்குரிய விசையை அழுத்தினால், செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் இருப்பிடமும் பெங்களூரு மையத்தை எட்டும். அங்கிருந்து கடலோரக் காவற்படைக்குச் செல்லும். முதற்கருவிக்கு ஒரு குறை இருந்தது: குரல் கொடுத்தவருக்கு மறுமொழி வராது. 2024-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி கிடைத்தது என்பதைத் திருப்பி அறிவிக்கிறது. நடுக்கடலில் தத்தளிப்பவனுக்கு அந்த ஒரு மறுமொழி எத்துணை ஆறுதல்!

எனினும் ஒன்று எஞ்சுகிறது. படகில் வைக்கப்பட்ட கருவி படகோடு போகும். இருளில் வலை இழுக்கையில் கால் இடறி விழும் மனிதனோ தனியே அலைகளிடையே நிற்பான். பையில் வைத்த கருவியைப் பற்றிப் பனிமலை கற்பித்த பாடம் இங்கும் பொருந்துவதைக் காண்கிறீர்கள் அல்லவா? உயிர்க்காப்புச் சட்டையில் பொருத்தும் கருவிகள் உலகில் உண்டு. ஆனால் வியர்வையிலும் உப்பு நீரிலும் கெடாமல், வலை இழுக்கும் கைக்குத் தடையாகாமல், எளிய மீனவன் வாங்கத்தக்க விலையில், அவன் விரும்பி அணியும் வண்ணம் ஒன்று அமைய வேண்டும். ஏனெனில் அணியப்படாத கருவி எவரையும் காப்பதில்லை.

அதை அமைக்க விரும்புவோர் இமயத்துக்குப் போக வேண்டியதில்லை. காசிமேட்டுக்குச் சென்று, கரை திரும்பும் மீனவர்களிடம், எதை அணிவீர்கள், எதைக் கழற்றி எறிவீர்கள் என்று முதலில் கேளுங்கள். ஆராய்ச்சி அங்கே தொடங்கட்டும்.