டெப் கணினியும் சிறாரின் கல்வி ஊக்கமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எமது சங்கத்தின் மாலை வகுப்பிற் பயிலும் சிறுவர்களுக்கு டெப் கணினி வாங்குதல் வேண்டுமென இளைஞர் சிலர் கேட்கின்றனர். அது விளையாட்டுச் சாமான், அதற்குச் சங்கப் பணம் செலவழிக்கலாகாது எனப் பெரியோர் சிலர் கூறுகின்றனர். இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு. அஃது எம்மட்டில் என்பதைப் பிறநாட்டார் செய்து பார்த்தவற்றைக் கொண்டு ஆராய விரும்புகின்றோம்.

வாசிக்கச் சொன்னாற் கொட்டாவி விடும் பிள்ளை டெப்பைக் கண்டதும் முன்வாங்குக்கு ஓடி வருகின்றது. இதனை மறுப்பாரிலர். ஆனால் அந்த ஆசை பாடத்தின்மேல் வந்ததா, திரையின்மேல் வந்ததா?

பெரு நாட்டு அரசாங்கம் 'பிள்ளைக்கொரு மடிக்கணினி' என்னும் திட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகளை வழங்கிற்று. அங்கே 319 கிராமப் பாடசாலைகளை ஆராய்ந்தோர் 2012 இல் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. 15 மாதங்களின் பின்னரும் கணிதத்திலும் மொழியிலும் புள்ளிகள் உயரவில்லை. பாடசாலை வரவும் கூடவில்லை. பொதுவான சிந்தனைத் திறனிலே சிறிது முன்னேற்றம் இருந்ததென்பதையும் மறைத்தல் நேர்மையன்று. கணினி கிடைத்ததே தவிர, கணிதத்துக்கும் மொழிக்குமென அமைந்த பாடங்கள் அதனுள் இருக்கவில்லை. அதைக்கொண்டு எப்படிப் படிப்பிப்பதென ஆசிரியர்க்குத் தெளிவாகக் கூறப்படவுமில்லை.

இனித் தன்சானியாவுக்கு வருவோம். அந்நாட்டின் தாங்கா மாகாணத்தில், ஏறக்குறைய 170 கிராமங்களிலே, 3,000 சிறுவர் வரையிலானோர்க்கு டெப் கணினிகள் கொடுக்கப்பட்டன. அவர்களிற் பெரும்பாலோர் பாடசாலை வாசலையே மிதியாதவர்கள். மின்சாரமில்லாத ஊர்களாதலாற் சூரிய ஒளியால் மின்னேற்றினர். பாடங்கள் யாவும் அவர்கள் அறிந்த சுவாகிலி மொழியில் இருந்தன. தொடக்கத்தில் 100 க்கு 90 பேருக்கு மேல் ஒரு சொல்லும் வாசிக்க இயலாதவர்கள். அங்கும் 15 மாதங்களே! அம்மாதங்கள் கழிந்தபோது அத்தொகை பாதியாகக் குறைந்தது. பாடங்களை ஆக்கியோரில் இரு குழுவினர் 2019 இல் 'எக்ஸ் பிரைஸ்' பரிசைப் பங்கிட்டுக் கொண்டனர்.

பெருவிற் காணாதது இங்கே என்ன? பிள்ளை ஓர் எழுத்தைத் தொட்டவுடன் சரியோ பிழையோ என்று மறுமொழி வந்தது. பிழைத்தால் மீண்டும் தொடலாம், சிரிப்பார் எவருமிலர். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பிலே, பின்வாங்கில் இருப்பவன் தன் விடைக்கு மறுமொழி பெற எத்தனை நாட் காத்திருத்தல் வேண்டும்? அவன் சோர்வதற்குக் காரணம் சோம்பலென்று நாம் எளிதிற் சொல்லிவிடுகின்றோம்.

ஒன்றை எச்சரிக்கையாகக் கூறுதல் வேண்டும். திரையிலே நட்சத்திரமும் காசும் கொட்டும் பாடங்கள் பல உள. அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெற் என்னும் மூவர், படம் வரைவதில் ஏற்கனவே விருப்பமுள்ள பாலர்க்கு, வரைந்தாற் பரிசுப் பத்திரம் தருவோமென்று முன்கூட்டியே வாக்களித்துப் பார்த்தனர். 1973 இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, பின்னர் அப்பாலர் தாமாக வரைந்த நேரம் மற்றையோரின் நேரத்திற் பாதியளவே. மிசன் பாடசாலையிற் படித்த எமக்கு இது வியப்பன்று. வசனம் ஒப்புவித்தால் வண்ணப்படம் கிடைக்கும். படம் கிடைத்த மறுவாரமே வசனம் பறந்துவிடும்!

தன்சானியாவில் மற்றப் பாதிப்பேர் இன்னும் வாசிக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அவர்கள் அருகில் அமர்ந்து படிப்பிக்க ஆசிரியர் இல்லை. எமது மண்டபத்தில் அமர்வதற்கு ஆட்கள் உண்டு.

ஆகவே 30 டெப் வேண்டாம், 6 போதும். இணையமின்றி இயங்கும் தமிழ்ப் பாடங்கள் உள்ளவையாகவே வாங்குவோம். வாசிப்பிற் பின்தங்கிய பிள்ளைகளுக்கே அவை முதலிற் செல்லட்டும். ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு 20 நிமிடம். திரையிற் கற்ற சொல்லை உடனே கொப்பியில் எழுதுவித்தல் வேண்டும். மிஞ்சும் பணத்துக்குக் கதைப் புத்தகங்கள் வாங்கலாம். பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து கேட்பதற்கு நாளொன்றுக்கு மூவராவது வேண்டும். பல்கலைக்கழக விடுமுறையில் யாம் வருகின்றோம். தவணைக் காலத்தில் யார் வருவது? ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் இச்சபையில் வீற்றிருக்கின்றீர்கள். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கின்றோம். உங்கள் பெயரையும் வரக்கூடிய நாளையும் அதில் எழுதிச் செல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளுகின்றோம்.