பாக்கெட்டில் இருக்கிற நம்பரை யார் எடுக்கிறார்கள்?

(சிறுதொழில் செய்வோருக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில், வீட்டுமுறைப் பொடி வகைகள் தயாரித்து விற்கும் பெண் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

என்னைப் பேசக் கூப்பிட்டபோது தலைப்பு 'மக்கள் தொடர்பு' என்று சொன்னார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பி.ஆர்.ஓ. என்றால் பெரிய கம்பெனியிலும் கலெக்டர் ஆபீஸிலும் இருப்பவர் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்து விற்கிறோம். நானும் இன்னும் மூணு பேரும் சேர்ந்ததுதான் எங்க யூனிட். ஆனா ஒருநாள் அந்த பி.ஆர்.ஓ. வேலையை நான்தான் பார்க்க வேண்டியதாப் போச்சு. நான் சொதப்பினதையும் சேர்த்தே சொல்றேன்.

தீபாவளிக்கு மூணு வாரம் இருந்தது. எங்க ஊர் வாட்ஸ்அப் குழுவில் காலையில ஒரு போட்டோ வந்தது. எங்க பருப்புப் பொடி பாக்கெட். உள்ளே வண்டு. கீழே ஒரே வரி: "இதைத்தான் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுக்கிறோமா?"

எனக்குக் கை நடுங்கிடுச்சு. போட்டவங்க யாருன்னு பார்த்து உடனே போன் போட்டேன். "என்னம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம இப்படிப் போட்டுட்டீங்க?" என்றேன். அந்தப் பெண் நிதானமாத்தான் பேசினாங்க. "ரெண்டு நாளா பாக்கெட்ல இருக்கிற நம்பருக்குப் போட்டேன் அக்கா. உபயோகத்தில் இல்லைன்னு வருது." அந்த வார்த்தை என் காதுல ஏறவே இல்ல. "எங்க பொடியில வண்டு வர வாய்ப்பே இல்ல. யாரு சொல்லி இதைப் போட்டீங்க?" என்று கத்திட்டேன். அரை மணி நேரத்துல நான் கத்தினதும் அதே குழுவில் ஆடியோவா வந்துடுச்சு.

போட்டோவை மக்கள் ரெண்டு நாள்ல மறந்திருப்பாங்க. குரலை மறக்க மாட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு மளிகைக் கடைக்காரங்க சரக்கைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லிட்டாங்க.

அன்னிக்கு ராத்திரிதான் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த நம்பர் நான் எப்பவோ விட்டுட்ட பழைய சிம். கவர் அடிச்சது மிச்சம் இருக்கே, தீரட்டும்னு அதையே ஓட்டிக்கிட்டு இருந்தோம். புகார் எண் போடணும்னு பாக்கெட் பொருள் சட்ட விதியிலேயே இருக்கு. சட்டத்துக்காக அச்சடிச்சோம், ஆள் கூப்பிடுவாங்கன்னு யோசிக்கல. அந்தப் பெண் முதல்ல என்கிட்டத்தான் வந்திருக்காங்க. கதவு பூட்டியிருந்தது. அப்புறம்தான் தெருவுக்குப் போனாங்க.

மறுநாள் காலையில அவங்க வீட்டுக்கே போனேன். போகும்போது பாதி தூரம் வரைக்கும் 'இது நம்ம தப்பா இருக்காது' என்றுதான் மனசு சொல்லிக்கிட்டே இருந்தது. பாக்கெட்டை வாங்கிப் பார்த்தா, ஓரத்துல ஒட்டினது மயிரிழை அளவு விட்டிருந்தது. சீலிங் மெஷின்ல டெஃப்ளான் டேப் தேஞ்சு போயிருந்ததை நாங்க கவனிக்கல. தப்பு எங்களுடையதுதான்.

குழுவில் பதில் போடணும். என் தம்பி எழுதிக் கொடுத்தான்: 'எங்கள் வளர்ச்சி பிடிக்காத சில விஷமிகள் பரப்பும் வதந்தியை நம்ப வேண்டாம். சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.' இப்படி ஒரு வாசகம் எல்லார் கையிலும் தயாரா இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? அதை அழிச்சிட்டு நானே எழுதினேன். இன்னும் போன்ல வச்சிருக்கேன், அப்படியே படிக்கிறேன்:

"நேற்று வந்த படம் உண்மை. பாக்கெட் எங்களுடையது. 12ஆம் தேதி பேக் செய்த பருப்புப் பொடியில் சில பாக்கெட்டுகளின் ஓரம் சரியாக ஒட்டவில்லை. அந்தத் தேதி போட்ட பாக்கெட் இருந்தால் வாங்கிய கடையிலேயே கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். பில் வேண்டாம். போனில் நான் பேசியது தவறு. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பாக்கெட்டில் உள்ள எண் பழையது. கீழே இருப்பது புது எண், நான்தான் எடுப்பேன்."

'பருப்புப் பொடி', '12ஆம் தேதி' என்று குறிப்பாச் சொன்னதுதான் எங்களைக் காப்பாத்துச்சு. 'எங்கள் பொருள் தரமானது' என்று பொதுவாச் சொல்லியிருந்தா இட்லிப் பொடியும் சேர்ந்து செத்திருக்கும். 38 பாக்கெட் திரும்பி வந்துச்சு. ஒரு கடைக்காரர் நாலு மாசம் கழிச்சுத் திரும்ப எடுத்தார். இன்னொருத்தர் இன்னும் எடுக்கல. அதுவும் உண்மைதான்.

சரி, வந்த செய்தி உண்மையிலேயே பொய்யா இருந்தா? அப்பவும் கோபத்துல எழுதாதீங்க. முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. அந்தத் தேதிச் சரக்கைச் சோதிச்சு, என்ன பார்த்தீங்கன்னு எழுதுங்க. அடுப்படியை வந்து பாருங்கன்னு கூப்பிடுங்க. விடாம பரப்பினா சைபர் குற்றப் புகார் இணையதளம் இருக்கு, அங்க போங்க.

இப்ப பிரச்சினை வர்றதுக்கு முன்னாடி செய்யக்கூடியதைச் சொல்றேன். கூகுள் மேப்பில் உங்க கடை இருக்கும். நீங்க போடலைன்னாலும் யாராவது போட்டிருப்பாங்க. அதை உங்க பேருக்கு எடுத்துக்கங்க. காசு கிடையாது. 'கூகுள்ல இருந்து பேசுறோம், பணம் கட்டலைன்னா உங்க கடை மேப்ல இருந்து போயிடும்' என்று போன் வந்தா வச்சிடுங்க. உத்யம் பதிவும் அப்படித்தான், அரசு இணையதளத்தில் இலவசம். யாராவது ஏமாத்திப் பணம் எடுத்துட்டா உடனே 1930க்குக் கூப்பிடணும்.

மேப்பில் நேரத்தைச் சரியாப் போடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு டெய்லர் அண்ணனுக்கு வந்த ஒத்தை ஸ்டார் எல்லாமே 'வந்தேன், பூட்டியிருந்தது' என்பதுதான். தையலைப் பத்தி ஒருத்தர்கூட குறை சொல்லல! வெள்ளிக்கிழமை மத்தியானம் சாத்துவார், மேப்பில் திறந்திருக்குன்னு காட்டும். நேரத்தை மாத்தினார், அவ்வளவுதான்.

திட்டி எழுதினவங்களுக்குப் பதில் போடும்போது ஒண்ணு ஞாபகம் வைங்க. எழுதினவர் திரும்ப வந்து படிக்காமலேகூட போகலாம். நாளைக்கு உங்க கடைக்கு வரலாமான்னு பார்க்கிறவங்கதான் படிப்பாங்க. அவங்களுக்காக எழுதுங்க, ரெண்டு வரி போதும். காசு கொடுத்து அஞ்சு ஸ்டார் வாங்கித் தர்றோம்னு வர்றவங்களை நம்பாதீங்க. ஒரே வாரத்துல முப்பது பேர் 'சூப்பர்' என்று எழுதினா ஊர்க்காரனுக்கே சந்தேகம் வரும். பொய் விமர்சனத்தைத் தடுக்கத்தான் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ல் ஐ.எஸ். 19000 என்று தனித் தரமே கொண்டுவந்தது.

வாட்ஸ்அப் பிசினஸ் நிறையப் பேர் வச்சிருக்கீங்க. பிராட்காஸ்ட் போட்டா யாருக்கும் போகலைன்னு புலம்புவாங்க. உங்க நம்பரை அவங்க போன்ல சேமிச்சிருந்தாத்தான் அது போகும். அதனால பொருளைக் கொடுக்கும்போதே "நம்பரைச் சேவ் பண்ணிக்கங்க, குறை இருந்தா நேரா சொல்லுங்க" என்று கேளுங்க. ஆனா தினமும் குட் மார்னிங் அனுப்பினா பிளாக் பண்ணிடுவாங்க, அதுக்கு நான் பொறுப்பில்ல.

பத்திரிகை பத்தியும் கேட்டிருந்தாங்க. உள்ளூர் நிருபர்கிட்ட 'எங்க கடையைப் பத்திப் போடுங்க' என்றால் விளம்பரப் பிரிவைக் காட்டுவார், நியாயம்தான். ஊருக்குப் பயன்படுற விஷயம் இருந்தா மட்டும் போங்க. அரைப் பக்கத்தில் எழுதி, ஒரு நல்ல படமும், எடுக்கிற நம்பரும் கொடுங்க.

எடுக்கிற நம்பர்னு சொன்னேன் இல்லையா. இப்பவே உங்க பாக்கெட்டையோ பில்லையோ விசிட்டிங் கார்டையோ எடுத்து, அதுல இருக்கிற நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க. மணி அடிச்சா யார் எடுக்கிறாங்க, என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. எங்க யூனிட்ல அதுக்குன்னே தனி சிம். காலை 9லிருந்து ராத்திரி 8 வரை ரெண்டு பேர் மாத்தி மாத்தி எடுக்கிறோம். வர்ற குறையை ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுறோம். நம்மகிட்ட கேட்டும் தீரலைன்னு நினைச்சா வாடிக்கையாளர் 1915க்குக் கூப்பிடலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவரைக்கும் போக விடாம இருக்கிறது நம்ம நோட்டோட வேலை.

அந்த வண்டுப் போட்டோ போட்ட பெண் இப்பவும் எங்க வாடிக்கைதான். போன வாரம் அந்த சிம்முக்குத்தான் கூப்பிட்டாங்க. "அக்கா, இந்தத் தடவை கறிவேப்பிலைப் பொடியில உப்புத் தூக்கல்." எடுத்து வாயில போட்டுப் பார்த்தேன். தூக்கலாத்தான் இருந்துச்சு.