பந்து நிற்கும்வரை கவனம்



மாலைதோறும் திடலில் காற்பந்தாடும் நம் இளைஞர்களுக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விழைகிறோம். 2010-ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுக் கிண்ணப் போட்டியில், ராபாட் நகர அணியின் கோல் காவலர் காலிட் அஸ்கிரி, பினால்டி உதை ஒன்றைத் தடுத்தார். உடனே பந்துக்கு முதுகு காட்டி, மார்பைத் தட்டி மகிழ்ந்தார். மேலெழுந்த பந்தோ தரையில் விழுந்து, சுழன்று, மெல்ல உருண்டு கோலுக்குள் புகுந்தது. கோல் செல்லுபடியாயிற்று, அவ்வணி தோற்றது. பந்து உருண்டுகொண்டிருக்கும்வரை உதை முடிவதில்லை என்பதே ஆட்டவிதி.

சீவிய பால் நிறுவைக்குச் சேரும்வரை வாளியைக் கருத்தாய்க் காக்கும் நாம் இதனை அறியாதவர் அல்லோம். திடலிலும் அவ்விழிப்பே வேண்டும். நடுவரின் தீர்ப்பு முந்தட்டும். நம் கொண்டாட்டம் பிந்தட்டும்!