டீ வாங்கியது போதும், பாடம் சொல்லுங்க!

(சிதம்பரம் மேடையில், 'வேலையை நன்றாகக் கற்றுத் தருவது மூத்தவர் அனுபவமா? முறையான பயிற்சியா?' என்ற தலைப்பில், 'பயிற்சியே' என்ற அணிக்காகப் பேசியது.)



நான் கடலூர்க்காரி. எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "மூத்தவர் பக்கத்துல நின்னாலே தொழில் வந்துடும்"னு சொன்னார். எங்க மாமாவும் நின்னார் ஐயா! கடலூர் ஓ.டி.யில் ஒரு லேத் பட்டறை. பதினாறு வயசுல சேர்ந்தார். முதல் வருஷம் டீ வாங்கினார். ரெண்டாவது வருஷம் இரும்புத்தூள் கூட்டினார். மூணாவது வருஷம்... மறுபடியும் டீ வாங்கினார்! (சிரிப்பு)

யாருக்குச் சர்க்கரை கம்மி, யாருக்கு ஸ்ட்ராங், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். "மெஷினில் டூலை எப்படி மாமா பொருத்தணும்?"னு கேட்டால், "அதை மட்டும் மேஸ்திரி முதுகைக் காட்டிக்கிட்டுச் செய்வாரும்மா" என்பார்.

நடுவர்: கடைசியில் டீக்கடை வச்சாரா, பட்டறை வச்சாரா?

டீக்கடைதான் ஐயா! (பலத்த சிரிப்பு, கைத்தட்டல்)

சிரிக்கிறோம். ஆனால் ஒரு மனுஷனுடைய மூணு வருஷம் அது. மேஸ்திரி கெட்டவர் இல்லை. சொல்லிக் கொடுத்தால் தன் பிழைப்புக்குப் போட்டி வந்துடுமோ என்ற பயம். தன் மகனுக்குக் காட்டுவார், மச்சான் பிள்ளைக்குக் காட்டுவார். ஊரான் பிள்ளைக்கு? பெண் பிள்ளைக்குப் பட்டறை வாசப்படியே கிடையாது! அந்தக் காலத்தில் தொழில் கற்பது என்பது பெரியவர் மனசு வைத்தால் கிடைக்கும் தயவு. 1961-ல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. இத்தனை காலம் பயிற்சி, இவ்வளவு உதவித்தொகை, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்று ஆனது. தயவு உரிமையாக மாறத் தொடங்கிய இடம் அது.

சரி, மூத்தவர் மனசு வச்சாலும், அவருக்கே தெரியாத வேலை வந்தால்? நம்ம மாவட்டத்து நெய்வேலியைப் பாருங்கள். 1957-ல் சுரங்கம் தோண்ட ஆரம்பிச்சாங்க. ராட்சத இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்து, 1962-ல் மின்சாரம் தந்தது. அப்பாவுக்கு ஏர் தெரியும், தாத்தாவுக்கு ஏற்றம் தெரியும். பக்கெட் வீல் எந்திரம் எந்தத் தாத்தாவுக்குத் தெரியும்? (கைத்தட்டல்) புது வேலைக்கு மூத்தவரே கிடையாது ஐயா! பயிற்சிதான் முதல் மூத்தவரை உருவாக்குது.

எதிரணி கேட்கும்: "2011 டிசம்பரில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதே, சாய்ந்த மின்கம்பத்தை நிமிர்த்தியது புத்தகமா, அனுபவமா?" அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அனுபவம் ஒருத்தர் கையிலேயே தங்கிவிட்டால், அவர் ரிடையர் ஆகிற அன்றைக்கு அதுவும் ரிடையர் ஆயிடும். அதை எழுதி, பாடமாக்கி, பத்துப் பேரைச் செய்ய வைத்துத் திருத்தினால் அதற்குப் பேர் என்ன? பயிற்சி!

நானே சாட்சி. பிளஸ் டூ முடித்த குமாஸ்தா நான். இந்த ஊர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியதே, அதன் புத்தகப் பார்சல் எங்க வீட்டுக்கும் வந்தது. ஒரு பக்கம் படிப்பதற்குள் குக்கர் மூணு விசில் அடிக்கும். அப்படியே பி.காம். முடித்தேன். கணக்கராக நாற்காலி மாறினேன். என்னை எந்த மேஸ்திரியும் "வாம்மா"ன்னு கூப்பிடலை. தபால்காரர் கூப்பிட்டார்! (கைத்தட்டல்)

இப்போது பார்சலும் போய்ப் பாடம் கைப்பேசிக்கே வந்துவிட்டது. மத்திய அரசு 2020-ல் 'கர்மயோகி' திட்டத்துக்கு ஒப்புதல் தந்து, தன் ஊழியர்களை இணையத்தில் படிக்கச் சொல்கிறது. தனியார் கம்பெனிகளும் அப்படித்தான். நல்ல மாற்றம். ஆனால் நடுவர் அவர்களே, என் அணியில் இருந்துகொண்டே ஓர் உண்மையைச் சொல்லணும்.

என் தோழி ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். "இந்த வாரத்துக்குள் பயிற்சியை முடி" என்று உத்தரவு. எப்போது? பகலெல்லாம் வேலை. ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு, பதினோரு மணிக்குப் போனைத் திறக்கிறாள். கண் சொருகுது. பையனிடம் கொடுத்து, "அடுத்து, அடுத்துன்னு அமுக்குடா கண்ணு" என்கிறாள். சான்றிதழ் அவள் பேரில் வருகிறது. படித்தது ஏழாம் வகுப்புப் பையன்! (சிரிப்பு)

இது பயிற்சியின் குற்றமா? நேரம் கொடுக்காமல் "கத்துக்கோ" என்று சொன்னவர் குற்றம். அன்றைக்கு மேஸ்திரி முதுகைக் காட்டினார். இன்றைக்கு அலுவலகம் கடிகாரத்தைக் காட்டுகிறது. ரெண்டும் ஒண்ணுதான்! கற்பதும் வேலைதான், அதற்கும் வேலை நேரத்தில் இடம் வேண்டும்.

எங்க மாமாவுக்கு இப்போ எழுபது தாண்டிவிட்டது. பேத்தி ஐ.டி.ஐ.யில் டர்னர் படிக்கிறாள். போன வாரம் அவள் டூல் பொருத்துவதை வீடியோவில் காட்டினாள். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை காட்டும்மா" என்றார். மூணு வருஷம் மறைத்த பாடத்தை மூணு நிமிஷத்தில் பார்த்துவிட்டார்.

அந்த மூணு வருஷம் இனி யாருக்கும் வீணாகாமல் இருக்க, முறையான பயிற்சியே என்று தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (பலத்த கைத்தட்டல்)