விமான நிலையத்திலிருந்து கொல்லங்கோட்டுக்கு

தில்லியிலும் மும்பையிலும் தொழில் நிமித்தம் வாழும் நாம் கொல்லங்கோட்டிலுள்ள உற்றாரைக் காண வருங்கால், கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இறங்கி வாடகை மோட்டார் அமர்த்திக்கொள்கிறோம். அங்கிருந்து இரு வழிகள் உள. ஒன்று வாளையாறு கடந்து பாலக்காடு வழியாகச் செல்வது; மற்றொன்று பொள்ளாச்சி, கோவிந்தாபுரம் வழியாக முதலமடை மாந்தோப்புகளினூடே செல்வது. எவ்வழியாயினும் மாநில எல்லையைக் கடந்தே ஆகவேண்டும்.

ஆதலின் வண்டி முறையானதா என்று அறிந்து ஏறுதல் நலம். முதற்கண் எண் பலகையை நோக்குவோம். பெட்ரோல், டீசல் வண்டிகளில் மஞ்சள் பலகையில் கருப்பெழுத்து இருப்பின், அது வாடகைக்கு ஓடுவது. வெள்ளைப் பலகையாயின் சொந்த உபயோகத்துக்குரியது. பின்னதைக் கூலிக்கு ஓட்டுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்கு மாறானது. விபத்து நேரின் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கக்கூடும். கேரளத்துள் செல்லப் பெர்மிட் உண்டா, வண்டி வெறுமையாகத் திரும்பும் செலவும் வாடகையில் அடங்குமா என்பவற்றையும் முன்னரே பேசிக்கொள்ளல் வேண்டும்.

சிறு தொகை மிச்சமாகும் எனக் கருதி இவற்றைப் புறக்கணிக்கலாகாது. வாயிலில் காத்திருக்கும் முதியோர் நம்மை நலமாகக் காணவேண்டுமன்றோ? அவ்வுறுதி இருப்பின், மழைக்காலத்துச் சீதார்குண்டு அருவியையும் மன அமைதியுடன் கண்டு களிக்கலாம்.