யாரையும் புண்படுத்தாத சிரிப்பு



வகுப்பறையில் ஒரு மாணவன் இடறி விழுந்தால் ஏனையோர் சிரிப்பர். அச்சிரிப்பினால் குன்றிப்போன பிள்ளை முகங்கள் பலவற்றை என் ஆசிரியப் பணியிற் கண்டிருக்கின்றேன். பிறரை வருத்தாத நகைச்சுவை உண்டா என்று எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் பிரெஞ்சுத் திரைப்படக் கலைஞர் ஜாக் தாத்தி ஆவார்.

1907ஆம் ஆண்டு பாரிசுக்கு அண்மையிற் பிறந்த தாத்தி, விளையாட்டு வீரர்களின் உடலசைவுகளைப் பேச்சின்றி நடித்துக்காட்டி அரங்குகளிற் புகழ்பெற்றார். குதிரையையும் அதன்மேல் அமர்ந்தவனையும் தம் ஓருடலிலேயே காட்ட வல்லவர் அவர். 1953இல் வெளிவந்த 'திருவாளர் உலோவின் விடுமுறை' என்ற படத்தில், வாயிற் புகைக்குழாயும் முன்சாய்ந்த நடையும் கொண்ட உலோ என்னும் நல்ல மனிதரை நமக்கு அறிமுகப்படுத்தினார். அவர் படங்களில் உரையாடல் மிகக் குறைவு. கதவின் ஓசையும் காலடி ஓசையுமே கதை சொல்லும்.

1958இல் வெளிவந்த 'என் மாமா' ஒஸ்கார் பரிசையும் பெற்றது. அதில் உலோவின் சகோதரி வீட்டு முற்றத்தில் மீன் வடிவிலான நீரூற்று ஒன்று உண்டு. மதிப்பிற்குரிய விருந்தினர் வந்தால் மட்டுமே அது நீர் சொரியும். வந்தவர் சொந்தச் சகோதரன் என்றால் உடனே நின்றுவிடும். இத்தகைய போலி மதிப்பை நாம் அறியாதவர்களா?

பின்னர், பாரிசின் புறத்தே கண்ணாடியும் இரும்புமான ஒரு நகரையே அமைத்து, 1967இல் 'பிளே டைம்' என்ற படத்தை வெளியிட்டார். அதில் உலோ கூட்டத்தில் ஒருவர் மட்டுமே. புதிய உணவகத்தின் கண்ணாடிக் கதவு நொறுங்கிய பின்னும், வாயிற்காவலன் கைப்பிடியை மாத்திரம் ஏந்தி, இல்லாத கதவைத் திறந்து மூடுகின்றான். விருந்தினரும் நுழைகின்றனர். அலங்காரம் சரியச் சரிய, அந்நியராய் இருந்தவர்கள் ஒருவரோடொருவர் கலந்து களிக்கின்றனர்.

அப்படம் பொருளீட்டவில்லை. தாத்தி கடனில் மூழ்கினார். தம் முந்திய படங்களின் உரிமைகளையும் இழந்தார். 1982இல் மறைந்தார். புகழ் தந்த உலோவையே மீண்டும் நடுவில் நிறுத்தியிருந்தால் அவர் இழப்பின்றி வாழ்ந்திருக்கக்கூடும். ஆயினும், சிரிப்பு ஒருவன் சொத்தன்று, எல்லோருக்கும் பொதுவானது என்று காட்டவே அவர் விரும்பினார். இன்று அப்படம் அவருடைய தலைசிறந்த ஆக்கமாகப் பலராலும் போற்றப்படுகின்றது.

அடுத்த முறை ஒரு பிள்ளை இடறி விழும்போது, நாம் எவ்வாறு சிரிக்கின்றோம் என்பதைச் சற்றே கவனிப்போமாக.