வீட்டுத் தோட்டமும் பிளாஸ்டிக்கும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வீட்டு உணவில் ஒரு பகுதியையேனும் வீட்டிலேயே விளைவித்துக்கொள்ளும் ஆர்வம் நம் காலனியில் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. கொல்லைப் பாத்திகளிலும் மாடிகளிலும் கீரையும் தக்காளியும் தழைக்கின்றன. கறிவேப்பிலைக்கு அலையும் கவலை பல இல்லங்களில் தீர்ந்துவிட்டது. இந்த நல்ல முயற்சியோடு பிளாஸ்டிக்கும் உடன் வந்து சேர்ந்திருக்கிறது. அதைப்பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

பிளாஸ்டிக்கை முற்றும் பழித்தல் நேர்மையன்று. சொட்டுநீர்க் குழாய் வறண்ட நிலங்களில் நீரை மிச்சப்படுத்துகிறது. நிலப்போர்வை என்னும் மெல்லிய தாள் ஈரத்தைக் காக்கிறது, களையைத் தடுக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, பயிர்த்தொழிலிலும் கால்நடை வளர்ப்பிலும் ஓராண்டில் பயன்படும் பிளாஸ்டிக் சுமார் 102 லட்சம் டன்.

பயன்பட்ட பின் அது எங்கே போகிறது என்பதே கேள்வி. தடித்த குழாயைச் சுருட்டி எடுத்துவிடலாம். மெல்லிய தாளோ வெயிலில் நைந்து, கிழிந்து, மண்ணோடு கலக்கிறது. சீனத்தின் சின்ஜியாங் பருத்தி வயல்களில் ஆண்டுதோறும் எஞ்சிய துண்டுகள் சேர்ந்து, நீர் இறங்குவதையும் வேர் பரவுவதையும் தடுத்தன. எடுக்கும்போது தாள் கிழியாதிருக்க வேண்டி, அதன் குறைந்தபட்சக் கனத்தை 0.008 மில்லிமீட்டரிலிருந்து 0.010 மில்லிமீட்டராக உயர்த்தி 2017-இல் அந்நாடு விதி வகுத்தது.

ஆகவே நாம் கொள்ளத்தக்க அளவுகோல் ஒன்றே: முழுமையாகத் திரும்ப எடுக்கக் கூடியதைப் பயன்படுத்துவோம், எடுக்க இயலாததை மண்ணில் இடாதிருப்போம்.

நம் செடிப்பைகளுக்கும் இது பொருந்தும். வெயிலில் பை பொடியத் தொடங்கினால், அப்பொடி நாம் உண்ணும் கீரையின் வேரடியில்தான் விழும். ‘மக்கும்’ என்று அச்சிட்டவற்றுள்ளும் சில, உரத் தொழிற்சாலையின் மிகு வெப்பத்தில்தான் மக்கும். வீட்டுத் தொட்டியில் மக்கா. மண்தொட்டி இருக்கிறது, நாற்றுக்குத் தேங்காய்ச் சிரட்டை இருக்கிறது. சாலையோரம் கூட்டிக் கொளுத்தும் சருகு, விலையில்லா மூடாக்கு. மக்கினால் எருவும் ஆகும்.

நைந்த பைகளையும் குழாய்களையும் ஆண்டுக்கொரு முறை திரட்டி, மறுசுழற்சிக்கு வாங்குவோரிடம் ஒப்படைக்கும் பொறுப்பை நம் சங்கம் ஏற்க வேண்டுகிறேன்.

பணி மாற்றம் வந்தால் நாம் வேறு ஊர் செல்வோம். மண் இங்கேயே இருக்கும். நாளை இதில் விதைக்க வருவோர் எம்மொழியினராயினும், அவர்களுக்குத் தூய மண்ணை விட்டுச் செல்வது நம் கடமை.